துணி காய்ந்தால் லைன் வரும்

புக்கிட் செராய் தோட்டம்,
கெர்லிங்.
27 அக்டோபர் 2025

இந்திரா அக்காவுக்கு,

முதலில் நான் கவனித்தது ஒரு சின்ன விஷயம். மழை விட்ட பிறகு, கொடியில் மறந்துபோய் நனையவிட்ட துணி காயும் நேரத்துக்குத்தான் தோட்டத்துப் பொது ஹாலில் இண்டர்நெட் லைன் திரும்பி வருகிறது. அதற்கு முன் வருவதில்லை. ஒருநாள் இரண்டுநாள் என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். பதினாறு நாள் குறித்து வைத்திருக்கிறேன். வெயில் பலமாக அடித்தால் ஒன்றரை மணி நேரம். வானம் மூட்டமாக இருந்தால் இருட்டும்வரை கிடையாது.

இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. நான்கு வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்படி ஒரு கடிதம் போடுவது சரியா என்று தெரியவில்லை. உங்கள் நம்பரை அப்போதே அழித்துவிட்டேன். இருந்திருந்தாலும் போன் செய்திருக்க மாட்டேன். போனில் எனக்கு முதல் வார்த்தை வராது, அது உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பா ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலையை முடித்துக்கொண்டு போகும்போது ஆபீசில் கொடுத்துவிட்டுப் போன கோலா சிலாங்கூர் முகவரியைக் கேட்டு வாங்கினேன். நீங்கள் அங்கே சாட்டிலைட் தரைநிலையத்தில் பயிற்சியில் இருப்பதாகவும் ஆபீசில்தான் சொன்னார்கள். எங்கள் ஹால் பக்கத்தில் நிற்கும் டிஷ் உங்கள் நிலையத்தோடுதான் பேசுகிறது என்று அதன் கருவிப் பெட்டியில் ஒட்டிய தாளில் போட்டிருக்கிறது.

போன வாரம் ஹால் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பயன்பாடு குறைவாம். டிசம்பர் 31-ஆம் தேதியோடு டிஷ்ஷைக் கழற்றிவிடுவார்களாம். யாரும் சண்டைக்குப் போகவில்லை. "இருந்தும் இல்லாத மாதிரிதான. எடுத்துட்டுப் போவட்டும்லா" என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நாராயணசாமி சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். லைன் வேண்டுமென்றால் எல்லாரும் கெர்லிங் கடைக்குப் போய்ப் பழகிவிட்டார்கள்.

எனக்கு அப்படி இல்லை. காலையில் நாற்றுமேட்டில் செம்பனைக் கன்றுகளுக்குப் பையில் மண் நிரப்புகிறேன். மத்தியானத்துக்கு மேல் ஹாலைக் கூட்டிச் சாவி வைத்திருப்பது என் வேலை. ஜூலை மாதத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரைக்கு ஓர் இணைய வகுப்பில் உட்காருகிறேன். பள்ளியை விட்டவர்கள் எஸ்.பி.எம். தேர்வைத் தனியாக எழுதுவதற்கான வகுப்பு. அடுத்த வருடம் எழுத வேண்டும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இரண்டாவது தடவையும் பாதியில் நின்றால் அதை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான். டிஷ் போனால் வகுப்பும் போய்விடும்.

ஈரத்துக்கும் லைனுக்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தால் எழுதுங்கள். பழைய விஷயத்துக்காக எழுதவில்லை.

ஜெனவீவ்


கோலா சிலாங்கூர்
3 நவம்பர் 2025

ஜெனி,

கடிதத்தை அப்பாதான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெரோனிக்காவின்ர மகளே? என்ன வடிவான எழுத்து" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளை ஏன் படிப்பை விட்டது எண்டு எப்பவாவது கேட்டனியே?" என்றார். நான் சோறு போட உள்ளே போய்விட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். மழை பெய்யும்போது லைன் மங்குவது எல்லா இடத்திலும் நடப்பதுதான். மேலேயிருந்து வரும் அலை மழைத்துளிகளில் தேய்ந்துபோகிறது. ஆனால் மழை விட்ட பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட வேண்டும். ஒன்றரை மணி நேரம் என்பது மழையின் குற்றமே இல்லை. டிஷ்ஷுக்கு முன்னால் ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் மூக்கு மாதிரி ஒன்று. அதில் எதுவும் இருக்கிறதா? குளவிக்கூடு, பாசி, பிளாஸ்டிக் பை? படம் அனுப்ப முடியாவிட்டால் பார்த்து வரைந்து அனுப்பு. நீ நன்றாக வரைவாய்.

நோட்டீஸ் உண்மைதான். நான் பயிற்சிக்காரி, இதையெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். கோயில் திருவிழாவும் உங்கள் சேப்பல் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு ஸ்பீக்கரும் பக்கத்துப் பக்கத்தில். சாமி பாட்டும் புரியவில்லை, பிரசங்கமும் புரியவில்லை. இப்போதுள்ள சாட்டிலைட், மொத்தத்துக்கும் ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர் வைத்த மாதிரி. பேராக்கிலிருந்து நெகிரி வரை எத்தனை தோட்டம், எத்தனை கம்பத்துக் கிராமம், எல்லாரும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் புதிய சாட்டிலைட்டுக்கு மாறுகிறோம். அதில் குட்டிக் குட்டி ஸ்பீக்கர்கள். தூரம் தள்ளித் தள்ளி வைத்தால் ஒன்றோடு ஒன்று மோதாது, அதே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒரே வானத்தில் பத்து மடங்கு ஆட்களுக்கு இடம். ஆனால் அதற்குத் தேவையான புதிய டிஷ் கருவிகள் எல்லா இடத்துக்கும் போதாது. அதனால் அதிகம் பயன்படுத்தும் இடங்களுக்கு முதலில். பயன்படுத்தாத இடங்களை மூடிவிடுகிறார்கள். புக்கிட் செராய் பட்டியலின் அடியில் இருக்கிறது. உங்கள் ஹாலைப் பார்த்தால் ஆளே இல்லாத ஹால் மாதிரிதான் எண்கள் காட்டுகின்றன.

இங்கே காற்றெல்லாம் கருவாட்டு வாசனை. சில நேரம் நிலையத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஆபீசுக்குப் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை எடைபோடும் தராசு மேடை ஞாபகம் வரும். நாம் இரண்டு பேரும் ஏறிக் குதிப்போம், முள் அசையவே அசையாது. "ரெண்டு பேரையும் சேத்தாலும் ஒரு குலைக்கு வரமாட்டியள்" என்று அப்பா சன்னலிலிருந்து சிரிப்பார். இப்போது நான் ஏறினால் நிச்சயம் அசையும்.

கீழே என் நம்பர். பேச வேண்டாம். இருக்கட்டும்.

இந்திரகுமாரி


புக்கிட் செராய்
9 நவம்பர் 2025

இந்திரா அக்காவுக்கு,

மூக்கில் ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வரையும்போதுதான் கவனித்தேன். பென்சில் வரைந்துவிட்டது, கண் அதற்குப் பிறகுதான் பார்த்தது. மூக்கைச் சுற்றி மஞ்சள் துணி. கனமாக இரண்டு சுற்று, அதில் ஒரு முடிச்சு.

போன வருட ஆயுத பூசையில் லோரி, மருந்து அடிக்கும் பம்பு, குலை வெட்டும் அரிவாள் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார்கள். "இதுவும் ஆயுதம்தான்லா" என்று டிஷ்ஷுக்கும் வைத்தார்கள். அப்போது காளியம்மா பெரியம்மா துணியில் காசு முடிந்து அங்கே கட்டினார். அவருடைய மகன் அர்ஜுனன் அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியம்மா ஹாலுக்கு வந்து வீடியோவில் அவருடன் பேசுவார். மகன் வாரம் தவறாமல் பேச வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கட்டிய முடிச்சு அது. இந்த வருடம் பழையதை அவிழ்க்காமல் அதன்மேல் புதியது கட்டினார். நாங்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறோம். அதனால்தான் அது யார் கண்ணிலும் படவில்லை.

மழை பெய்தால் அந்தத் துணி நனைகிறது. காயும்வரை ஈரம் மூக்கிலேயே நிற்கிறது. இதுதானே?

ஆனால் நான் அதைத் தொட முடியாது. நேர்ச்சை முடிச்சைப் பலிக்கும் முன் வேறு ஆள் அவிழ்க்கக் கூடாது. அதிலும் நாங்கள் வேதக்காரர்கள். நான் அவிழ்த்தேன் என்று தெரிந்தால் அம்மா லயத்து வரிசை வீடுகளில் தலைகாட்ட முடியாது. பெரியம்மாவிடம் போய்க் கேட்க வேண்டும். இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போனேன். ஒரு தடவை அவர் பார்த்துவிட்டார். தண்ணீர்க் குழாயைத் தேடி வந்த மாதிரி திரும்பிவிட்டேன்.

நீங்கள் தராசு மேடையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு ஞாபகம் இருப்பது உங்கள் வீட்டுப் பின்படி. ஊரடங்கு நேரத்தில் லயத்தில் யாரிடமும் லைன் இல்லை, உங்கள் வீட்டில் மட்டும் இருந்தது. மைலோ டின்னில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்து படிப்பேன். பத்து மணிக்கு உங்கள் அம்மா முகக்கவசம் போட்டுக்கொண்டு சன்னல் கம்பி வழியாகத் தேத்தண்ணி தருவார். எனக்கு இப்போதும் தேத்தண்ணி என்றால் அந்தக் கம்பிதான் நினைவுக்கு வரும். அந்த இரண்டு மாதம்தான் நான் நன்றாகப் படித்தது.

பிறகு ஒருநாள் போனில் லைன் பிடிக்கவில்லை. "லைன் கட்டாயிருச்சு ஜெனி, எங்களுக்கும் இல்ல" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் நம்பி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சன்னல் வழியாக உங்கள் இயற்பியல் டீச்சரின் குரல் கேட்டது.

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். படம் இத்துடன் இருக்கிறது.

ஜெனவீவ்


கோலா சிலாங்கூர்
13 நவம்பர் 2025

ஜெனி,

நீ குரலைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த நான்கு வருடத்தில் உன் முகத்தை நினைக்கவே முடிந்திருக்காது.

பாஸ்வேர்டை நான்தான் மாற்றினேன். அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் வீட்டு லைன் ஒரு ஆளுக்கே பத்தாது. உன் வகுப்பும் என் வகுப்பும் ஒன்றாக ஓடினால் இரண்டும் நின்று நின்று போகும். என் டீச்சர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார், பாதியில் வாய் திறந்தபடி உறைந்துவிடுவார். விடை எனக்குக் கிடைக்காது. ஒரு வாரம்தான், பரீட்சை முடிந்ததும் திரும்பக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நீ நான்காம் நாளே வருவதை நிறுத்திவிட்டாய். பள்ளி திறந்ததும் வருவாய் என்று நினைத்தேன். பஸ்ஸில் உனக்கு இடம் பிடித்துவைத்தேன். நீ வரவில்லை. அதற்கு மேல் உன் வீட்டுப் பக்கம் வர எனக்குத் தைரியம் இல்லை.

காலையில் நீ, மத்தியானம் நான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் நீ, ஒரு மணி நேரம் நான் என்றாவது. இன்று நிலையத்தில் நாள் முழுக்க என் வேலையே அதுதான், இருக்கும் கொஞ்சத்தை எப்படிப் பங்கு வைப்பது என்பதுதான். அன்றைக்கு உன்னிடம் வாய் திறந்து சொல்லாமல் பொய் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிறேன். நீ தரவேண்டும் என்று இல்லை.

துணி விஷயம் நீ சொன்னதுதான், சந்தேகமே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. சிக்னல் மங்கினால் நிலையம் உடனே அறுத்துவிடாது. காது மந்தமான ஆளிடம் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்லும். அந்த நேரத்தை வைத்து நன்றாகக் கேட்கும் மூன்று தோட்டங்களுக்குப் பேசி முடித்திருக்கலாம். காளியம்மா பெரியம்மாவின் துணி உலு யாம் வரைக்கும் லைனைத் தின்றுகொண்டிருக்கிறது. அவரிடம் இப்படிச் சொல்லிவிடாதே, துடைப்பத்தை எடுப்பார்.

உன் பதினாறு நாள் குறிப்பை அப்படியே நகல் எடுத்து அனுப்பு. என் மேலதிகாரி டெஸ்மண்ட் எண் இருந்தால்தான் நம்புவார். ஆனால் முதலில் துணி இறங்க வேண்டும். அதை நீதான் செய்ய வேண்டும். நான் வந்து பேசினால் கிராணி மகள் அதிகாரம் பண்ணுகிறாள் என்பார்கள்.

இந்திரா


புக்கிட் செராய்
19 நவம்பர் 2025

இந்திரா அக்காவுக்கு,

பாஸ்வேர்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு தாள் கிழித்துவிட்டேன். பஸ்ஸில் இடம் பிடித்துவைத்தது எனக்குத் தெரியாது. இப்போதைக்குக் காளியம்மா பெரியம்மா கதையை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் பூசை முடிந்து நேராக அங்கேதான் போனேன். வீட்டுக்குப் போனால் மறுபடி பயம் வந்துவிடும். பெரியம்மா பக்கத்து வீட்டு ஷாமளா அக்காவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு, வெரோனிக்கா மகளா? இன்னிக்கும் கொழாயத் தேடியா வந்த?" என்றார்.

ஷாமளா அக்கா சிரித்தார்.

"பெரியம்மா, டிஷ்ல கட்டுன துணி..."

"துணிக்கு என்னா?"

"ஈரமாயிருது."

"மழ பேஞ்சா ஈரமாத்தான் ஆவும். இதச் சொல்லத்தான் சர்ச்சு சட்டையோட வந்தியா?"

"வேதக்காரங்க அவுக்கச் சொல்லி அனுப்புனாங்களோ என்னமோ" என்றார் ஷாமளா அக்கா. பெரியம்மாவின் கை நின்றுவிட்டது.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினேன். பெரியம்மாவுக்குப் படிக்க வராது. அதனால் விரலை வைத்து வைத்து நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இது நாலு வெள்ளிக்கெழம பெரியம்மா. மூணு நாளு மழ. அந்த மூணு நாளும் அண்ணன் மூஞ்சி அப்படியே நின்னு போச்சி. இந்த ஒரு நாளு மழ இல்ல. அன்னிக்கு மட்டும் பேசுனிங்க."

பெரியம்மா அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அவன் முடி வெட்டிட்டு வந்திருந்தான்" என்றார்.

"துணி காயற வரைக்கும் லைன் வராது பெரியம்மா. அண்ணன் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காரு. இங்க வந்து சேரல."

"நான் கட்டுனதே எனக்கு மறச்சிருச்சாடி?"

பெரியம்மா எழுந்து கால் கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். முக்காலியை நான் பிடித்துக்கொண்டேன். அவரே ஏறி, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு இரண்டு துணியையும் அவிழ்த்தார். உள்துணி கறுத்து, பாசி பிடித்திருந்தது. காசை மட்டும் எடுத்துக் கழுவி, புதுத் துணியில் முடிந்து, டிஷ் நிற்கும் கம்பத்தின் அடியில் கட்டினார்.

"மூஞ்சியிலதான் கட்டணும்னு சாமி சொல்லல. கால்ல கட்டுனாலும் தெரியும்லா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பேச வருது ஒனக்கு. இத்தன நாளு ஊமன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மழை. நாலு இருபத்தைந்துக்கு விட்டது. நாலு முப்பத்து மூன்றுக்கு லைன் வந்துவிட்டது. பெட்டியின் முன்னாலேயே நின்று பார்த்தேன். வகுப்பில் முதன்முறையாக ஒரு கணக்கை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கேட்டேன்.

குறிப்பின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜெனவீவ்


கோலா சிலாங்கூர்
28 நவம்பர் 2025

ஜெனி,

அவசரமாக எழுதுகிறேன், வேன் வெளியே நிற்கிறது.

டெஸ்மண்டிடம் உன் நகலைக் கொடுத்தேன். முதலில், "என்னம்மா இது, பள்ளிக்கூட பாடமா?" என்றார். பிறகு நிலையத்துப் பதிவுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதினாறு நாளும் நிமிடக் கணக்கில் ஒத்துப்போகிறது. "வேணாம்னு சொல்ற தோட்டம்னு நெனச்சோம். கேக்கவே முடியாம இருந்த தோட்டம்லா இது" என்றார். உன்னை யார் என்று கேட்டார். நாற்றுமேட்டில் மண் நிரப்புகிறாள் என்றேன். நம்பவில்லை.

மூடும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் முழுதாக இல்லை. ஜனவரிக் கடைசி வரைக்கும் தவணை. அதற்குள் ஹாலின் பயன்பாடு இரண்டு மடங்கானால் பிப்ரவரியில் புதிய சாட்டிலைட். ஆகாவிட்டால் கழற்றுவது கழற்றுவதுதான். அதனால் எல்லாரையும் ஹாலுக்கு வரச் சொல். கெர்லிங் கடைக்குப் போக வேண்டாம் என்று சொல். வரட்டும், பார்க்கட்டும், பேசட்டும்.

ஒரு எச்சரிக்கை. பிப்ரவரி வரைக்கும் பழைய கொள்ளளவுதான். ஆட்கள் கூடினால் உன் வகுப்பு நிற்கும். அதற்கு இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை முன்கூட்டியே சொல்கிறேன்.

இந்திரா


புக்கிட் செராய்
5 டிசம்பர் 2025

இந்திரா அக்காவுக்கு,

ஆட்களை நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மழை விட்டதும் லைன் வருகிறது என்று காளியம்மா பெரியம்மா லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். "சாமி முடிச்சக் கால்ல மாத்திக் கட்டுனேன், உடனே புடிச்சிக்கிச்சி" என்று சொல்கிறார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று வியாழக்கிழமை. ஐந்து மணிக்குள் ஹாலில் முப்பது பேருக்கு மேல். பெஞ்சு போதாமல் உரச்சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மண்டோர் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஷாமளா அக்கா சேலை விற்கிறவளோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மாவும் வந்திருந்தார், உதிரிப் பழம் பொறுக்கிய கையுறையை இடுப்பில் செருகியபடி, மூன்றாவது பெஞ்சில் நாடகம் பார்த்துக்கொண்டு. இந்த ஹாலில் இத்தனை சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது சின்ன வயதில், நீங்களும் நானும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாழையிலை துடைத்தபோது. கூட்டித் துடைத்த ஹால் அப்படி நிறைந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் மூலையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வகுப்பைத் திறந்தேன். டீச்சர் ஒரு கணக்கை எழுத ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் கையைத் தூக்கியபடி நின்றுவிட்டார். காத்திருந்தேன். கொஞ்சம் நகர்ந்தார், மறுபடி நின்றார். பத்து நிமிடத்தில் மூன்று சொல்தான் கேட்டது. சுற்றிலும் எல்லாருடைய போனும் ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் போய்விட்டால் டிஷ் போய்விடும். இவர்கள் இருந்தால் வகுப்பு போய்விடும்.

பெட்டியின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. சுவிட்சை ஒரு தடவை தட்டினால் போதும், லைன் கட்டாகிவிட்டது என்று எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். அக்கா, உங்கள் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நேற்றுத்தான் முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

பெஞ்சுகளுக்கு முன்னால் போய் நின்றேன். முதலில் யாரும் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினேன். பெரியம்மாதான், "ஏய், புள்ள என்னமோ சொல்லுது, சத்தத்தக் கொறைங்க" என்று அதட்டினார். ஒவ்வொரு போனாக அமைதியானது. அம்மாவும் நிமிர்ந்து பார்த்தார்.

"செவ்வாயும் வியாழனும் மட்டும் ஏழு மணி வரைக்கும் படம் பாக்காம இருங்க. பேசறது, மெசேஜ் போடறது பரவால்ல. ஏழு மணிக்கு மேல எது வேணும்னாலும் பாருங்க. யாரும் வராம மட்டும் இருந்துறாதீங்க" என்றேன்.

"ஏம்மா, ஏழு மணி வரைக்கும் அப்படி என்னா?" என்றார் மண்டோர்.

நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு வகுப்பு இருக்கு. நான் எஸ்.பி.எம். எழுதப் போறேன்" என்றேன்.

ஜெனவீவ்